மோத்தியின் சொறி

தாராவிச் சந்தில் ஒரு முழ வெயில்தான் விழுகிறது. அதில் சட்டையைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருக்கிறான் வேல்ராஜ். வயிறு, முதுகெல்லாம் சிவந்த தடிப்பு. கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம், நாயிடமிருந்து ஒட்டியதாம். டாக்டர் கொடுத்த லோஷனை அவன் முதுகில் தேய்க்கிற மனைவி இசக்கிசெல்விக்கு வாய் ஓயவில்லை. “அந்த நாயத் தொடாதியன்னு எத்தன வாட்டி சொன்னேன், கேட்டியளா?” பாதி முடி உதிர்ந்த தெருநாய் மோத்தி வாசற்படியில் கிடந்து, பின்னங்காலால் காதைப் பறண்டுகிறது. வேல்ராஜ் தலையைக் குனிந்துகொள்கிறான். தோளைத் தாண்டி அவள் கை முன்னால் வருகிறது. முழங்கை மடிப்பில் அதே சிவந்த தடிப்பு. அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறான். “இது எப்படி வந்துச்சு?” அவள் வாசற்படியில் கிடக்கிற மோத்தியைப் பார்க்கிறாள். பிறகு மெல்லச் சொல்கிறாள்: “நீங்க டூட்டிக்குப் போனதும் மடியில வந்து படுத்துக்கிடும். வெரட்டவா முடியும்?”