அம்மா வைத்த பெயர்

"சரியான கஞ்சப் பசங்கம்மா நம்ம முன்னோருங்க!" என்று சிரித்தேன். "குழந்தை செத்தா அடுத்ததுக்கும் அதே பேர். பேருக்குக்கூடவா பஞ்சம்?"

மாசசூசெட்ஸ் கரையில் முதலில் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வம்சாவளி எழுத, அம்மாவுடன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கிளையில் ஒட்ட, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த என் குழந்தைப் படத்தை ஏற்கெனவே எடுத்துவைத்திருந்தேன். அதில் கன்னத்தில் குழி விழச் சிரிப்பேன். இப்போது குழி இல்லை. வளர வளர மறைந்துவிட்டது என்பாள் அம்மா.

இன்று அவள் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்து வழக்கம்டி. அந்தப் பேரு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கணும்னு ஒரு ஆசை."

"ரெண்டாவதா வந்தவகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

"போதும் ஹெப்சிபா, கிளம்பு."

"அந்த மூலை பாக்கி இருக்கே."

"அங்க போகாதே! பூரா விஷக்கொடி. உடம்பெல்லாம் தடிச்சுடும்."

போனேன். கொடியே இல்லை. ஒழுங்காக வெட்டிய புல், வாடாத பூக்கள், முழங்கால் உயரத்தில் ஒரு கல்.

கல்லில் என் பெயர். ஹெப்சிபா லோத்ராப். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம், பதினோரு மாதக் குழந்தையாக இறந்திருந்தாள்.

என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதில் என்றைக்குமே குழி இருந்ததில்லை.

பின்னால் அம்மா வந்து நின்றாள். அவள் கண்கள் கல்லின் மேலேயே இருந்தன.

"ஹெப்சிபா..." என்றாள் மெல்ல.

"எங்க ரெண்டு பேர்ல யாரைம்மா கூப்பிடுறே?"