கீரியின் வால்

காட்டு பேஸ்பால் அணியில் இரண்டாம் பேஸுக்குக் காவல் கீரிதான். எதிரணி காவல் காக்கும்போது, அசந்த நேரம் பார்த்து, பந்து வந்து சேருமுன் முதல் பேஸிலிருந்து ஓடிப்போய் அதே பேஸைத் திருடுவதும் கீரிதான். ஓடுமுன் அதன் வால் ஒரு தரம் துடிக்கும். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன, ஒருத்தராலும் பிடிக்க முடிந்ததில்லை.

இப்போது வயதாகிவிட்டது, முழங்கால் மடங்க மறுக்கிறது. நாலைந்து ஆட்டமாகப் பிடிபட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கும் மாட்டினா வீட்டோட இரும். ரொம்ப மெதுவாப் போயிட்டீர்" என்றது அணித்தலைவர் ஆமை.

ஆமை சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று கீரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் முதல் பேஸில் நின்றது.

எதிரணியில் பந்து வீசும் குரங்கு இளித்தது. "என்ன பெரிசு, ஓடப்போறீரா, நடக்கப்போறீரா?"

கீரி வாலைத் துடிக்கவிட்டது. காலை அசைக்கவில்லை.

பழக்கதோஷம், குரங்கு பதறிப்போய்ப் பந்தை இரண்டாம் பேஸுக்கு விட்டெறிந்தது. அங்கே காவல் நின்ற முயல் அதை எதிர்பார்க்கவே இல்லை. பந்து அதன் தலைக்கு மேலே பறந்து புதருக்குள் விழுந்தது. முயலும் மற்றவர்களும் புதரைக் கிளறினார்கள்.

"நடக்கத்தாம்ப்பா போறேன்" என்று குரங்கிடம் சொல்லிவிட்டு, கீரி ஆற அமர நடந்துபோய் இரண்டாம் பேஸில் உட்கார்ந்தது.

"நாளைக்கும் நீர்தான்யா!" என்று கத்தியபடி ஆமை கட்டிப்பிடிக்க ஓடிவந்தது. அது வந்து சேர்வதற்குள் கீரி மூன்றாம் பேஸையும் திருடிவிட்டிருந்தது.