பள்ளத்து வீடு

"எனக்குப் பங்கு வேணும்."

செத்தாலும் கேட்டுவிடாதே என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

அப்பா கூரையைப் பார்த்தார். எட்டித் தொடும் உயரம்தான். வெளியே சாலையை உயர்த்த உயர்த்த வீடு பள்ளமானது. மழைத்தண்ணீர் உள்ளே வர வர நாங்கள் தரையை உயர்த்தினோம். கூரை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. மின்விசிறியைக் கழற்றியாயிற்று. இல்லையென்றால் அண்ணனின் தலை மிஞ்சியிருக்காது.

"டிகிரி வாங்கிட்டு வாடின்னா வாய வாங்கிட்டு வந்திருக்கா," என்றான் அண்ணன்.

"படிக்க வெச்சோமே, அதுதாண்டி உன் பங்கு," என்றாள் அம்மா.

கட்டுமானக் கம்பெனிக்காரர் இருமினார். பதினெட்டு மாடி எழப்போகிறது. அதில் அப்பாவுக்கு ஒரு வீடு, அண்ணனுக்கு ஒரு வீடு. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

சூட்டைத் தணிக்க நினைத்தாரோ என்னவோ, லேப்டாப்பைத் திருப்பி ஒரு பழைய படத்தைக் காட்டினார். கோரையும் சேறும்.

"உங்க ஏரியாதான் சார். அப்ப இங்க ஒரு ஈ காக்கா கிடையாது."

பின்னறையிலிருந்து அத்தை குனிந்தபடி டீ கொண்டுவந்தாள். அப்பாவின் அக்கா.

"இவங்க?"

"கூட இருக்காங்க," என்றான் அண்ணன். "அங்கயும் ஹால்ல ஒரு ஓரமாப் படுத்துப்பாங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னதான் வேணும்? சொல்லித் தொலை."

"பின்னறை அளவுக்கு ஒரு வீடு. அத்தை பேருல."

அண்ணன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை.

"விடு கண்ணு," என்றாள் அத்தை, காலி டம்ளரை எடுத்துக்கொண்டே. "தம்பி பாவம்."

கேட்காதே என்று சொன்னதும் அவள்தான். போன வாரம் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லி முடித்த கையோடு.

கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி லேப்டாப்பின் மேல் வைத்தேன். அவள் சொன்ன அன்றைக்கே முடிவு செய்ததுதான். இந்தப் பள்ளம் பள்ளமாகவே கிடக்கட்டும். அத்தைக்குப் பின்னறையாவது மிஞ்சும்.

தெருவுக்கு மூன்று படி ஏற வேண்டும். ஏறினேன்.

ஈ காக்கா கிடையாதாம். கொசு இருந்தது. அத்தை இருந்தாள். எங்கெங்கோ இடித்த வீடுகளின் கல்லையும் ஓட்டையும் லாரிகள் கொட்டிவிட்டுப் போக, முழங்கால் சேற்றில் தனியாக நின்று அதை வாரி வாரி நிரவி மேடாக்கினாள். மனைப் பத்திரம் கொடுக்க வந்த அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆம்பளை யாராவது இருந்தா வரச் சொல்லும்மா," என்றாராம்.

காலைக்கூடக் கழுவாமல் ஓடினாள், ஊருக்குள் வாடகை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைக் கூட்டிவர.