நடுப்பலகை

ஞாயிறு, பகல் பதினொன்றரை.

அவன் உள்ளங்கைகளில் பவுடர் தட்டிக்கொண்டான். வியர்வை பட்டால் மரத்தில் கறை விழும்.

அவள் அறை வாசலில் நின்று அந்த டப்பாவைப் பார்த்தாள். மாமனாரின் முதுகுப் புண்ணுக்கு வாங்கியது. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. பவுடர் இன்னும் தீரவில்லை.

மேசைமேல் கார் இருந்தது. முழங்கை நீளம். அம்பாசடர். அவன் அப்பா ஒரு மில் முதலாளிக்குக் காலமெல்லாம் ஓட்டிய வண்டி.

சுவர் முழுக்க அதன் பிளான். பக்கவாட்டில், முன்னாலிருந்து, மேலிருந்து. ஒவ்வோர் அளவுக்கும் அருகில் பென்சிலால் ஒரு டிக்.

கதவுகள் திறக்கும். ஸ்டியரிங் திரும்பும். பின்சீட்டில் தையல் கோடுகள்கூட உண்டு. ஊசிமுனையால் கீறியவை.

அவன் பஞ்சுக்குச்சியால் சீட்டின் இடுக்கைத் துடைத்தான். குனிந்து மெல்ல ஊதினான். மறுபடி துடைத்தான்.



இதே அறைதான். அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் அவன் இந்த வாசலைத் தாண்டியதில்லை. மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வெளியே நின்று கேட்பான், அப்பா சாப்பிட்டாரா என்று. பதிலுக்கு நிற்கமாட்டான்.

மரம், அவர் படுத்திருந்த கட்டிலுடையது.

காரியம் முடிந்ததும் கட்டிலை எடுத்துப்போக ஆள் வந்திருந்தான். செத்தவர் கிடந்த கட்டிலை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? அவன்தான் திருப்பி அனுப்பினான். பழைய தேக்கு, நன்றாகக் காய்ந்தது, இனி எந்தக் காலத்திலும் வளையாது என்றான்.

கால்களை விட்டான். ஓரப்பலகைகளை விட்டான். அவை வெளிறியிருந்தன.

நடுப்பலகையை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"எப்படிக் கறுத்திருக்கு பாரு. இதுக்குப் பாலிஷே வேணாம்."

எப்படிக் கறுத்தது என்று அவளுக்குத் தெரியும். மூத்திரம் ரப்பர் விரிப்பைத் தாண்டியும் இறங்கும். விரிப்பை உருவி, அவரைப் புரட்டி, பலகையைத் துடைத்து நிமிர்வதற்குள் மறுபடி இறங்கும்.

அவன் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான். மெல்லிய தூள் பறந்தது. அவன் புருவத்தில் படிந்தது. மீசையில் படிந்தது. நாக்கை நீட்டி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழைப்பு மணி.

கோமளா. அவன் தங்கை. நாளைக்குத் திதி. அதற்காக வந்திருக்கிறாள். அப்பா மகன் வீட்டில், அம்மா மகள் வீட்டில் என்று பிரித்துக்கொண்டவர்கள் இந்த இரண்டு பேர்தான். இப்போது அம்மாவும் விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு. இனி எழமாட்டாள்.

கோமளா நேராக அறைக்குள் போனாள்.

"அய்யோ, முடிஞ்சிடுச்சாண்ணா! ஒரு வருஷமா? இதுக்குள்ள ஒரு புள்ளையே பெத்திருக்கலாம்."

"தொடாத. கையில எண்ணெய் இருக்கும்."

"ரொம்பத்தான். எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே. ஒரு ஆணி அடிக்கச் சொன்னா செவுத்தோட சண்ட போடுவார்."

அவன் சிரித்தான். காரின் கதவைத் திறந்து காட்டினான். மூடிக் காட்டினான்.

"நாளைக்கு அப்பா படத்துக்குப் பக்கத்துல வெக்கப்போறேன். அவர் படுத்த கட்டில். அவர் ஓட்டின வண்டி."

கோமளாவின் கண்கள் நிறைந்தன.

"அப்பா குடுத்து வெச்சவருண்ணா. எந்தப் புள்ள இப்படிச் செய்யும்?"

மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவையும் நீயே வெச்சுக்கண்ணா. எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் இல்ல. உன்ன மாதிரி யாரு பாத்துப்பா?"

அவன் காரைப் பார்த்தான். பிறகு பவுடர் பூசிய தன் கைகளைப் பார்த்தான்.

"புதன்கிழமையே வேன் சொல்லிடு. நான் பாத்துக்கறேன்."

நான்.

வாசலில் நின்றவளை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவை சுத்தமாகத்தான் இருந்தன. மறுபடி துடைத்துக்கொண்டாள்.

அவனுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியால் மரத்தைத் துடைத்தால் அமுங்கிக் கிடக்கும் நார் எழும்பும். காய்ந்தபின் கடைசியாக ஒரு தேய்ப்பு. அப்புறம் மரம் கண்ணாடிபோல வழவழக்கும். பிளானின் ஓரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

"கொஞ்சம் வெந்நீர் கொண்டா," என்றான், பிளானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அடுப்பில் தண்ணீரை வைத்தாள். சூடு போதும் என்று தெரிந்தது. அணைக்கவில்லை. தளதளவென்று கொதிக்கும்வரை நின்றாள்.

கொண்டுவந்து வைத்தாள்.

அவன் துணியைக் குறட்டால் பிடித்து நனைத்தான். மேற்கூரையில் ஒற்றினான். பானெட்டில், நான்கு கதவுகளில், சீட்டுகளில். மரம் இருண்டு மினுங்கியது. லேசாக ஆவி எழும்பியது.

"ஒரே ஒரு தடவண்ணா," என்று கோமளா கை நீட்டினாள்.

கொடுத்தான்.

கோமளா இரு கைகளாலும் வாங்கினாள். சாமிப் பிரசாதத்தைப்போலக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அப்படியே நின்றாள்.

பிறகு கார் அவள் முகத்தைவிட்டு மெதுவாக விலகியது.

"என்னண்ணா இது, பசையா?"

அவன் வாங்கி முகர்ந்தான். கூரையை. சீட்டை. மறுபடி கூரையை.

"பசை இப்படி வராதே."

"எலி கிலி செத்துக் கெடக்கா?"

அவன் மேசைக்கடியில் பார்த்தான். ஜன்னலைத் திறந்தான். மின்விசிறியைக் கூட்டினான். வாடை இன்னும் பரவியது. காரை மேசையில் போட்டுவிட்டுப் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

அவள் வழிவிடவில்லை.

இருவரும் அப்போதுதான் அவளைப் பார்த்தார்கள்.

"அண்ணி, இது என்ன நாத்தம்னு உங்களுக்குத் தெரியுதா?"