அக்குளில் ஒரு சென்சார்

கோழிப் பொரிப்பகத்து மேலாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்குபேட்டரின் சூட்டை அளந்து ஹீட்டரை இயக்கும் சென்சார் போர்டு செத்துவிட்டது. கம்பெனி அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. நாளை மறுநாள் பொரிய வேண்டிய இரண்டாயிரம் முட்டைகள் உள்ளே ஆறிக்கொண்டிருக்கின்றன. மாற்று தேட அவர் அமைத்த குழு இன்னும் தனக்கொரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் அக்காவோ வேறு கம்பெனி போர்டு ஒன்றில் கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்து, அதன் சென்சாரைக் காய்ச்சல் தெர்மாமீட்டரோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். "இது என்னம்மா முறை?" என்கிறார் மேலாளர். "முட்டைக்கு வேண்டிய சூடும் நம்ம உடம்புச் சூடும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார். பேச்சுக் குடுக்காதீங்க, கோபத்துல சூடு ஏறிடும்." தெர்மாமீட்டரும் போர்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. அவள் எழுந்து போர்டைப் பொருத்துகிறாள், ஹீட்டர் சிவக்கிறது. மேலாளர் தாங்கமாட்டாமல் கதவைத் திறந்து முட்டைகளை எட்டிப் பார்க்கிறார். "மூடுங்க சார், சூடு போகுது." மறுபேச்சின்றி மூடுகிறார். எந்த உத்தரவுக்கும் அவர் இவ்வளவு சந்தோஷமாகக் கீழ்ப்படிந்ததில்லை.