எண்கள்_ஃபைனல்

தேடும் கட்டத்தில் அந்தப் பெயரை அடித்தாள்.

மரியசெல்வம்.

எண்கள்_ஃபைனல்_சரி என்ற ஃபைலில் இருந்தது. முப்பத்தோராவது வரிசை. கீழத்தோப்பு, மூன்றாம் தெரு.

எண்கள்_ஃபைனல் என்ற ஃபைலில் இல்லை.

நேற்று மாலை, அணையைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எச்சரிக்கைச் செய்தி போனது எண்கள்_ஃபைனலில் இருந்தவர்களுக்கு.

மரியசெல்வத்தின் பெயர் காலையிலிருந்து டிவியின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. வயது நாற்பத்திரண்டு. ஆற்றுத் திட்டில் வாத்துகளை அடைக்கப் போனவர். உடல் கிடைத்தபோது போன் சட்டைப் பையிலேயே இருந்ததாம்.

மாடியில் ஆறு மேசைகள். கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்புவதுதான் அவர்கள் வேலை. ஆறு பேரும் வந்திருந்தார்கள். யாரும் டீ சொல்லவில்லை.

அவள் இரண்டு ஃபைல்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றின் கீழ் ஒன்று. பிறந்தது ஒரே நாளில். மேலே இருந்தது கீழத்தோப்பைச் சேர்ப்பதற்கு முந்தையது. கீழே இருந்தது சேர்த்த பிறகு வைத்தது.

இந்த அறையில் ஃபைலுக்குப் பெயர் வைக்க அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் தேதி. ஆண்டு, மாதம், நாள். பிறகு ஊர். 'புதுசு' கூடாது, 'ஃபைனல்' கூடவே கூடாது. புதுசு நாளைக்குப் பழசாகிவிடும். ஃபைனலுக்குப் பின்னாலும் ஒன்று வரும்.

எட்டு வருடமாகச் சொன்னாள். தப்பான பெயரோடு வந்த ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினாள்.

அதற்காகச் சிரித்தார்கள். யாராவது புது ஃபைல் தொடங்கினால் நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டு வருவார்கள். ஜெபராஜ்தான் ஆரம்பித்து வைத்தவன்.

"அக்கா, புள்ள பொறந்திருக்கு. காதுல மூணு தடவ பேரச் சொல்லுங்க."

அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு மாற்றச் சொல்வாள்.

போன மாதம் அவள் பிறந்த நாளுக்குக் கேக் வாங்கினார்கள். கேக்கின் மேல் அன்றைய தேதி. ஆண்டு, மாதம், நாள். அதன் பிறகு ஒரு கோடு. அதன் பிறகு 'அக்கா'.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கழிவறைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ஜெபராஜ் இந்த இரண்டையும் அனுப்பியது போன வியாழக்கிழமை. பெயர்களைப் பார்த்ததும் அவள் கை தானாகவே எழுதியது. 'பெயரை மாற்றவும்.'

எழுதியதைப் படித்தாள்.

அழித்தாள்.

ஒப்புதல் என்ற பொத்தானை அழுத்தினாள். அன்று மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றாக இருந்தது.

ஒப்புதல் இன்னும் திரையில் இருந்தது. பச்சை நிறத்தில், அவள் பெயரோடு.

நாற்காலி உருளும் சத்தம் கேட்டது.

ஜெபராஜ். முகம் வீங்கியிருந்தது. திரையைப் பார்க்காமல் அவள் மேசையின் விளிம்பைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா. தாலுகா ஆபீஸ்லேர்ந்து கேப்பாங்க. அதுக்குள்ள பேர மாத்திருவமாக்கா? நீங்க சொல்லுத மாதிரியே. தேதி முன்னால, ஊரு பின்னால. நாம எல்லாம் ஒழுங்காத்தான் வச்சிருந்தோம், சர்வர்தான் பழச எடுத்துட்டுன்னு சொல்லிருவோம்."

எட்டு வருடத்தில் முதல் முறையாக அவனே கேட்கிறான்.

அவள் கீழே இருந்த ஃபைலின் மேல் அம்பை வைத்தாள். அழுத்தினாள். பெயர் நீலமாகி, மாற்றுவதற்குத் திறந்துகொண்டது. உள்ளே ஒரு கோடு விட்டு விட்டுத் துடித்தது.

தேதியை அடித்தாள். ஆண்டு. மாதம். நாள். ஒரு கோடு. கீழத்தோப்பு.

அழகாக இருந்தது. யாருக்கும் எந்தச் சந்தேகமும் வர முடியாத பெயர்.

என்டர் விசையின் மேல் விரல் இருந்தது.

ஜெபராஜ் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நான்கு மேசைகளும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

டிவியில் மரியசெல்வம் மறுபடி வந்தார். வலமிருந்து இடமாகப் போனார்.

அவள் விரலை எடுத்து மூலையில் இருந்த இன்னொரு விசையை அழுத்தினாள். அடித்ததெல்லாம் மறைந்தது. பழைய பெயர் திரும்பி வந்து நின்றது.

"அக்கா," என்றான் ஜெபராஜ்.

மேசைத் தொலைபேசி அடித்தது.

எடுத்தாள். தாலுகா அலுவலகம்தான். வயதான குரல். பின்னணியில் ஜீப்பின் இரைச்சல், யாரோ அழும் சத்தம். செய்தி எந்த ஃபைலிலிருந்து போனது என்று கேட்டார்.

சொன்னாள்.

"இருங்க. பேனா எடுத்துக்கிறேன்."

மறுபடி சொன்னாள். அவர் எழுதுவது கேட்டது.

"இதுக்கு ஒப்புதல் கொடுத்தது யாரும்மா?"

தன் பெயரைச் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்.

"ஃபைல் பேர இன்னொரு தடவ சொல்லிருங்க. பிழை இல்லாம இருக்கணும்."

அவள் தொலைபேசியை வாயருகே கொண்டுபோனாள். அந்த வயதான காதுக்குள், நிதானமாக, மூன்றாம் முறையாகச் சொன்னாள்.