மூன்று பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம்

“மூணு பிள்ளைங்களும் ஸ்கூலுக்குப் போக வேணாம். வீட்டுலயே நீ சொல்லிக் கொடு” என்று ஆல்வின் அமெரிக்க அறிவியல் புத்தகத்தை நீட்டினான்.

புரட்டிய எப்சிபாவுக்கு முகம் சிவந்தது. “டைனோசர் மேல மனுஷன் சவாரி போறானா?”

“கிறிஸ்தவ அறிவியல். விசுவாசிச்சா போதும்.”

“நானும் விசுவாசிதான். அடையாறுல காலேஜ் பிள்ளைங்களுக்கு விலங்கியல் நடத்துறேன். இந்தப் பொய்யை என் வாயால சொல்ல மாட்டேன்.”

“அந்த வேலையைத்தான் விடப் போறியே. ஜெபிச்சு முடிவு பண்ணிட்டேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“கர்த்தர்கிட்ட கேட்டாச்சே.”

கதவைத் திறந்து பாஸ்டர் எட்டிப் பார்த்தார். “தனியா பேசி முடிச்சாச்சா? பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?”

எப்சிபா புத்தகத்தை அவர் கையில் வைத்தாள்.

“பிள்ளைங்களுக்குப் புத்தகம் பார்த்துட்டார், பாஸ்டர். பிள்ளைங்களைப் பெத்துக்க வேற பொண்ணைப் பார்க்கச் சொல்லுங்க.”